தெரியும், சந்தேகம், குத்துமதிப்பு: ஆன்லைன் வகுப்பில் எதை அளப்பது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுக்கிறோம். முப்பது சொச்சம் பிள்ளைகள். பாதிப் பேர் மாலையில் நேரில் வருவார்கள். மீதிப் பேருக்குப் பண்ருட்டி, காட்டுமன்னார்கோவில், புதுச்சேரிப் பக்கம் பாகூர் என்று வீடு தூரம், அதனால் போனில்தான் வகுப்பு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பயிற்சிச் செயலிக்குச் சந்தா கட்டியிருக்கிறோம். பிள்ளை போடும் கணக்கைப் பார்த்து அடுத்த கணக்கை அதுவே பொறுக்கித் தரும் வகை.

போன வருஷம் முதல் திருப்புதல் தேர்வு முடிந்த அன்று, "எவ்வளவு வரும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்து வைத்தேன். சும்மா ஒரு ஆசைக்குத்தான். "80 தாண்டும் சார்" என்றவனுக்கு 52 வந்தது. "பெயில்தான் சார்" என்று கண் கலங்கியவளுக்கு 78. செயலியின் அறிக்கையில் இரண்டு பேருக்கும் அந்தப் பாடங்கள், நன்றாகத் தெரியும் என்று காட்டும் பச்சை நிறத்தில் இருந்தன.

மதிப்பெண்ணைவிட அந்த இடைவெளிதான் எங்களை உறுத்தியது. தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதே தெரியாத பிள்ளை எதைத் திரும்பப் படிக்கும்? பி.எட். நோட்டில் நாங்கள் மெட்டாகாக்னிஷன் என்று எழுதியது இதைத்தான். மீயறிதல் என்று சிலர் தமிழில் சொல்கிறார்கள். 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவல் வைத்த பெயர். பின்னால் 1990இல் நெல்சன், நாரென்ஸ் என்ற இருவர் அதை இரண்டு வேலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். புரிகிறதா என்று உள்ளுக்குள் கண்காணிப்பது ஒன்று. அதற்கேற்பப் படிப்பதை மாற்றிக்கொள்வது இன்னொன்று. முதலாவது தப்பினால் இரண்டாவது எவ்வளவு உழைத்தாலும் தப்பான இடத்தில்தான் போய் உழைக்கும்.

சரி, இந்த வருஷம் இதை அளந்து பார்த்து உதவியும் செய்வது என்று முடிவெடுத்தோம். எப்படி என்பதில்தான் மூன்று பேருக்கும் மூன்று கருத்து.

எங்களில் மூத்தவர் அரசுப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். டீச்சர் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். அவர் வினாப்பட்டியல் வேண்டும் என்றார். இதில் பேர்பெற்றது ஷ்ரா, டெனிசன் என்ற இருவர் 1994இல் வெளியிட்டது. 52 வாக்கியங்கள், பெரியவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு அதையே சுருக்கி 12, 18 வாக்கியங்களில் 2002இல் வேறு ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள். மலிவு, ஒரே நாளில் முடியும், கூகுள் ஃபார்மில் போட்டால் எண்ணும் வேலைகூட இல்லை. டீச்சர் அந்தப் பாணியில் சில வாக்கியங்களைத் தமிழில் எழுதி ஒரு குழுவுக்குக் கொடுத்தார். "படிக்கும்போது புரிகிறதா என்று நடுவில் நின்று பார்ப்பேன்" என்பது போல.

முக்கால்வாசிப் பேர் எல்லாவற்றுக்கும் "எப்போதும்" என்று போட்டிருந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பல் தேய்க்கிறாயா என்று டீச்சர் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? இது எங்கள் பிள்ளைகளின் கோளாறும் இல்லை. டச்சு ஆய்வாளர் மார்செல் வேன்மன் பல ஆண்டுகள் இதையே சொல்லி வந்தார்: வினாப்பட்டியலில் பிள்ளை சொல்வதற்கும், படிக்கும் நேரத்தில் அது செய்வதற்கும் ஒட்டுறவு மிகக் குறைவு. செய்வதை நினைவிலிருந்து சொல்வது வேறு, செய்வது வேறு. பட்டியலால் ஒரு பயன் உண்டு. இப்படியெல்லாம் நின்று பார்க்கும் பழக்கம் என ஒன்று இருக்கிறது என்று சில பிள்ளைகளுக்கு அன்றுதான் முதல் தடவை தெரிந்தது. வருஷத் தொடக்கத்தில் ஒரு தடவை, பேச்சைத் தொடங்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். அளவுகோலாக வேண்டாம்.

அறிவியல் எடுக்கும் தம்பி கம்ப்யூட்டர் படித்தவன். பதிவுகள் மேல் அவனுக்குத் தனிக் காதல். பிள்ளை எந்தக் கணக்கில் எத்தனை வினாடி நின்றது, உதவிக் குறிப்பை எத்தனை தடவை திறந்தது, தப்பான பிறகு விளக்கத்தைப் படித்ததா, தாண்டிப் போனதா, எல்லாம் செயலியில் பதிவாகிறது. பிள்ளையைக் கேட்கவே வேண்டாம், நடத்தையே சொல்லிவிடும் என்பது அவன் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. வடிவியல் கற்பிக்கும் மென்பொருளை வைத்து அலெவன், கெடிங்கர் குழு செய்த ஆய்வுகளில், பிள்ளைகள் நடுவிலுள்ள குறிப்புகளைப் படிக்காமல் கடைசிக் குறிப்பு வரை தட்டிக்கொண்டே போய், அங்கே இருக்கும் விடையை அப்படியே எடுத்தெழுதியது பதிவுகளிலிருந்துதான் தெரிந்தது. எங்கள் செயலியிலும் அதே கூத்து. "ஐந்து வினாடியில் மூன்று குறிப்பு" என்று தம்பி ஒரு வரிசையையே எடுத்துக் காட்டினான்.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு போன் ஒரு பிள்ளைக்குச் சொந்தமில்லை. தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவனுக்கு அப்பா கடலிலிருந்து திரும்பிய பிறகுதான் போன் கையில் வரும். அதுவரை பதிவில் அவன் "செயலற்றவன்". இன்னொரு வீட்டில் அக்காவும் தங்கையும் செயலியில் ஒரே பெயரில் நுழைகிறார்கள். அக்கா போட்ட சமன்பாட்டுக்காகத் தங்கைக்குப் பாராட்டு வருகிறது. ஒரு கணக்கில் பதினோரு நிமிடம் நின்றிருக்கிறாள், ஆழ்ந்து யோசித்திருக்கிறாள் என்று நாங்கள் மகிழ்ந்த பெண்ணிடம் கேட்டால், "சித்தி போன் பண்ணாங்க சார், அம்மா பேசிட்டிருந்தாங்க" என்கிறாள். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் நினைவிருக்கும். கரண்ட் இல்லாமல், வீட்டுக்குள் தண்ணீரோடு இருந்த ஒரு தகப்பனாருக்கு, "உங்கள் பிள்ளை 5 நாட்களாகப் பயிற்சி செய்யவில்லை" என்று செயலியிலிருந்து செய்தி போயிருக்கிறது. அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை, சிரித்தார். எனக்குத்தான் கூசியது.

போன் பிள்ளையின் சொந்தச் சொத்தாக இருக்கும் இடத்தில் பதிவு நல்ல சாட்சியாக இருக்கலாம். எங்களுக்கு அது பாதிச் சாட்சி. குறிப்புகளைத் தட்டித் தள்ளுவதை மட்டும் அதில் பார்ப்போம். நேரக் கணக்கை நம்ப மாட்டோம்.

என் விருப்பம் முதலில் வேறாக இருந்தது. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கணக்கைப் போடும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. எரிக்சன், சைமன் என்ற இருவர் 1980களில் இதை ஒழுங்கான ஆய்வுமுறையாக நிறுவினார்கள். ஏன் என்று குறுக்கே கேட்கக் கூடாது, விளக்கச் சொல்லக் கூடாது. மனதில் வருவதைச் சொல்லிக்கொண்டே போனால் போதும். பிள்ளை வாய் மூடினால், "சொல்லிட்டே போடு" என்று மட்டும் ஞாபகப்படுத்தலாம். வீடியோ அழைப்பிலும் செய்யலாம், போனை நோட்டுப் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

இதில் ஒரு பையன் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லாமல் போக முடியாது. முக்கோணவியல், கலங்கரை விளக்கக் கணக்குகள். 60 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து படகைப் பார்க்கும் இறக்கக்கோணம் 30 டிகிரி, படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? விடை 60√3 மீட்டர். அவன் 20√3 என்று போட்டிருந்தான். செயலி தப்பு என்று சொல்லி, அதே மாதிரி பத்துக் கணக்கு கொடுத்தது. அவற்றில் 45 டிகிரி வந்தவை எல்லாம் சரி, 30, 60 வந்தவை எல்லாம் தப்பு. "கவனக் குறைவு" என்று செயலி தீர்ப்பெழுதியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாய்விட்டுப் போடச் சொன்னேன். இரண்டாவது நிமிடத்தில், "மேலேருந்து கீழ பாக்குறோம், அப்போ கோணம் லைட் ஹவுஸ்லேருந்து இப்படி..." என்று கம்பத்தோடு ஒட்டிக் கோணத்தைப் போட்டான். இறக்கக்கோணத்தைக் கிடைமட்டக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். அவன் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்திருக்கிறான். 45 டிகிரியில் இரண்டும் ஒன்றுதான், அதனால் விடை தற்செயலாகச் சரியாகிவிடும். அந்தச் சரிகள்தான் அவனுக்குத் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தன. "நீ போடும்போது சந்தேகமே வரலையா?" என்று கேட்டேன். "இல்ல சார், எனக்கு இந்தப் பாடம் நல்லா தெரியும். தப்பு வந்தா கூட்டல்ல விட்டிருப்பேன்னு நினைச்சேன்" என்றான்.

எந்தப் பதிவிலும் எந்தப் பட்டியலிலும் இது கிடைக்காது. ஆனால் ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம் ஆகிறது. முப்பது பேருக்குப் பதினைந்து மணி நேரம், ஒரு பாடத்துக்கு மட்டும். மூன்று பேரும் வேறு வேலை பார்க்காமல் இருந்தால் முடியும். அப்புறம் கூச்ச சுபாவமுள்ள பெண்கள் சிலர் கேமரா முன்னால் வாயே திறப்பதில்லை. ஆகவே இது எல்லோருக்குமான அளவுகோல் ஆகாது. யாரை உட்கார வைப்பது என்று காட்டித் தர இன்னொரு வழி வேண்டும்.

அங்கேதான் நாலாவது வழி வந்தது. விடை எழுதியதும், அது சரியா என்று பார்ப்பதற்கு முன், எவ்வளவு நிச்சயம் என்பதையும் குறிக்கச் சொல்வது.

நம் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் ஐந்தாவதாக E என்று ஒரு வட்டம் உண்டு, "விடை தெரியவில்லை" என்பதற்கு. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு அரசுத் தேர்வே இடம் ஒதுக்கியிருக்கிறது. தப்புக்கு மைனஸ் இல்லாததால் அதை மனமுவந்து நிரப்புபவர்கள் அபூர்வம், அது வேறு கதை. நீட்டில் சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. கண்ணை மூடிக்கொண்டு நாலில் ஒன்றைத் தொட்டாலும் சராசரியில் கால் மதிப்பெண் லாபம்தான். ஆக இரண்டு தேர்வுகளும் உள்ளபடி சொல்பவருக்குக் கூலி தருவதில்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கார்ட்னர்-மெட்வின் என்பவர் உருவாக்கிய முறை அந்தக் கூலியைத் தருகிறது. நிச்சயத்தை 1, 2, 3 என்று மாணவர் குறிக்க வேண்டும். விடை சரியென்றால் அதே 1, 2, 3 மதிப்பெண். தப்பென்றால் 0, மைனஸ் 2, மைனஸ் 6. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சரியாக இருக்கும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் 3 குறிப்பது லாபம், மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவென்றால் 1 குறிப்பதே லாபம். உள்ளதைச் சொல்பவனுக்குத்தான் அதிக மதிப்பெண் வரும்படி பின்னியிருக்கிறார். ஆன்லைன் வகுப்பு நடத்த உதவும் இலவச மென்பொருளான மூடுலில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் கம்ப்யூட்டர் கைவந்தவர் இருக்கும் பள்ளி நாளைக்கே தொடங்கலாம்.

தம்பி இன்னும் ஒரு படி மேலே போனான். 0 முதல் 100 வரை சதவீதமாகக் குறிக்கச் சொல்லி, பிரையர் மதிப்பெண் போடலாம் என்றான். அந்த மதிப்பெண் 1950இல் கிளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் கண்டது. மழை வர 70 சதவீதம் வாய்ப்பு என்று சொன்னவர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று சோதிக்க. வானிலை அறிக்கையை நம்பிப் படகை ஏற்றுவதும் இறக்குவதுமாக வாழும் ஊரில் இதை விளக்கவே வேண்டியதில்லை. 90 சதவீதம் நிச்சயம் என்று சொல்லித் தப்பானால் 0.9இன் வர்க்கம், 0.81 தண்டம். 60 என்று சொல்லித் தப்பானால் 0.36தான். தண்டம் குறையக் குறைய நல்லது. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். இருந்தும் வேண்டாம் என்றேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 65க்கும் 75க்கும் உள்ளத்தில் வித்தியாசம் கிடையாது. அது கண்டபடி எண்ணைத் தட்டிவிடும், நாங்கள் அதற்குத் தசமத்தில் விடை எடுத்துக்கொண்டிருப்போம். மைனஸ் 6ஐயும் விட்டுவிட்டோம். ஏற்கனவே கணக்குக்குப் பயப்படும் பிள்ளை முதல் வாரத்திலேயே எல்லாவற்றுக்கும் 1 போட்டு ஒளிந்துகொள்ளும்.

மூன்று சொற்கள் போதும் என்று முடிவானது: தெரியும், சந்தேகம், குத்துமதிப்பு. வாரம் ஒரு தடவை 20 கேள்வி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: "தெரியும்" என்றவை எத்தனை, அவற்றில் சரி எத்தனை, மற்ற இரண்டுக்கும் அப்படியே. கணக்குப் புத்தி தேவையில்லை, டீச்சரே பேப்பரில் போட்டுவிடுவார். "தெரியும்" என்ற 14இல் 8 மட்டும் சரி என்றால் அந்தப் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். "குத்துமதிப்பு" என்ற 10இல் 9 சரி என்றால் அதுவும் பேச வேண்டிய பிள்ளைதான். 78 வாங்கிய அந்தப் பெண் அப்படித்தான். தெரிந்ததையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டு, தெரியாத பாடத்துக்கு நேரமில்லாமல் போயிருக்கிறாள்.

இதில் ஒரு பொறி உண்டு. ஒருவன் எல்லாக் கேள்விக்கும் "சந்தேகம்" என்று போட்டு, பாதி சரி, பாதி தப்பு வாங்கினால், மொத்தத்தில் அவன் மதிப்பீடு கச்சிதம்போல் தோன்றும். ஆனால் எது சரி எது தப்பு என்று அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதனால் மொத்த இடைவெளியை மட்டும் பார்க்காமல், சரியான விடைகளுக்கும் தப்பான விடைகளுக்கும் அவன் வேறு வேறு சொல் போடுகிறானா என்று பார்க்க வேண்டும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். வீடியோ முடிந்த கையோடு, "புரிந்ததா?" என்றால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். வாத்தியார் சொன்னது காதிலேயே நிற்கும்போது தெரிந்த மாதிரித்தானே இருக்கும். கற்றதை எவ்வளவு நினைவில் வைத்திருப்போம் என்ற கணிப்பைச் சற்றுத் தாமதித்துக் கேட்டால் மிகத் துல்லியமாக வருகிறது என்று நெல்சனும் டன்லாஸ்கியும் 1991இல் காட்டினார்கள். எனவே திங்கள் நடத்தியதற்குக் கேள்வி செவ்வாய் மாலை. எங்கள் செயலி வீடியோ முடிந்த உடனே சிரித்த முகம், அழுத முகம் காட்டிக் கேட்கிறது. அதை நாங்கள் கண்டுகொள்வதில்லை.

அளப்பது பற்றி இவ்வளவு. உதவுவது எப்படி என்பதில் செயலி தருவது இரண்டு. ஒன்று, நடுநடுவே மேலெழும் நினைவூட்டல்: "உன் திட்டம் என்ன?", "புரிந்ததா, சரிபார்!" முதல் நாள் படிப்பார்கள். மூன்றாம் நாள், விளம்பரத்தை மூடுகிற அதே விரல் இதையும் மூடிவிடும். அளவாக, சரியான நேரத்தில், பழக்கிவிட்டுக் கொடுத்தால் நினைவூட்டல் பலன் தருவதாக ஆய்வுகள் உண்டு. எங்கள் செயலியில் அந்த நேரத்தை மாற்ற நமக்கு வழியில்லை.

இரண்டாவது, அடுத்த கணக்கைத் தானே பொறுக்கித் தருவது. இதற்காகத்தான் பணம் கட்டினோம், இதுதான் இப்போது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. எதில் பலவீனம், அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று முடிவெடுப்பதுதானே அந்தப் பிள்ளை பழக வேண்டிய வேலை? அதைச் செயலி செய்துவிட்டால், கண்காணிப்பது செயலி, மாற்றிக்கொள்வது செயலி, பிள்ளை விரலை மட்டும் கொடுக்கிறது. மார்ச் மாதம் தேர்வு அறையில் கேள்வித்தாள் முன்னால் தனியாக உட்காரும்போது எதை முதலில் எழுதுவது என்று சொல்ல யார் வருவார்கள்?

அதற்காகப் பிள்ளை கையில் முழுதாக விட்டாலும் ஆகாது. ரோடிகர், கார்பிக் 2006இல் செய்த சோதனை இதற்கு நல்ல சாட்சி. மாணவர்களை ஒரு பகுதியை இரண்டு தடவை படிக்க வைத்தார்கள், இன்னொரு பகுதியை ஒரு தடவை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து, திரும்பப் படித்ததில் 81 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: 42, 56. அதே ஆய்வின் இன்னொரு சோதனையில், நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். பிள்ளையைத் தன் போக்கில் விட்டால் சுகமான வழியைத்தான் பொறுக்கும், அதுதான் பலிக்கிறது என்றும் நம்பும்.

நடு வழி ஒன்று எடுத்திருக்கிறோம். வாரத்தில் நாலு நாள் செயலி சொல்வது. வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று பாடப் பகுதிகளை நாங்கள் வைப்போம், பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். குரல் பதிவாகவும் அனுப்பலாம். காரணம் சரியா தப்பா என்று திருத்த மாட்டோம். செவ்வாய்க் குறிகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவோம், அவ்வளவுதான். ஞாயிறு காலை, சொல்லுக்கும் விடைக்கும் அதிகம் ஒட்டாத நாலைந்து பேருடன் ஆளுக்கு அரை மணி நேரம், வாய்விட்டுப் போடும் கணக்கு. சந்தாவை இந்த வருஷம் புதுப்பிக்கிறோம். பயிற்சிக் கணக்குகளுக்கு அதைவிட மலிவாக எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு விஷயத்தில் கடைசி வரை சண்டை. இந்த வாராந்தர வரிகளைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்றார் டீச்சர். பெற்றோருக்குத் தெரிய வேண்டியதுதானே என்று. தம்பியும் நானும் முடியாது என்றோம். போட்ட அடுத்த செவ்வாயே எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் "சந்தேகம்" என்று குறித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். டீச்சர் ஒரு நாள் யோசித்துவிட்டு, "என் மருமகள்கூட அப்படித்தான் பண்ணுவா" என்று சொல்லி விட்டுக்கொடுத்தார். அந்தத் தாள்கள் இப்போது அவர் பையிலேயே இருக்கின்றன.